மேனேஜருக்கு எத்தனை மாதம்?

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, பூனை மேனேஜர் எல்லோரும் நலம். உன் நலத்தையும் உன்னோடு சேர்ந்திருக்கும் அந்த நாலரை சென்டிமீட்டரின் நலத்தையும் அறிய ஆவல். மாப்பிள்ளையை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் நீ நடுவில் குறுக்கிடுவாய். உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அவளும் குறுக்கிடுவாள். இது முழுவதும் கேட்டுவிட்டுத் திட்ட வேண்டிய விஷயம்.

நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை ஸ்கேன் முடிந்து டாக்டர் வாயால் நல்ல வார்த்தை வரும்வரை, பெற்றவர்கள் எங்களைத் தவிர ஒரு ஈ காக்காய்க்கும் தெரியக் கூடாது என்றாய். போன தடவை எல்லோருக்கும் ஆசையாகச் சொல்லிவிட்டு, பிறகு நலம் விசாரித்த ஒவ்வொருவரிடமும் “இல்ல, அது நிக்கல” என்று நீ சொல்ல வேண்டி வந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். அதனால் சத்தியம் செய்து கொடுத்தேன். அந்தச் சத்தியத்தை வாயால் மீறவில்லை. முதலில் மீறியது கை.

நடந்தது இதுதான். நூலகத்தில் கருவளர்ச்சி பற்றி ஒரு தடிப் புத்தகம் எடுத்தேன். வழியில் யாரும் தலைப்பைப் பார்த்துவிடக் கூடாதென்று செய்தித்தாளால் அட்டை போட்டேன். நல்ல புத்தகம்தான். ஆரம்பத்தில் மீன், கோழி, பூனை, மனிதன் எல்லாக் கருவும் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்குமாம். மனிதக் குழந்தைக்கும் முதலில் ஒரு சின்ன வால் இருந்து பிறகு மறைந்துவிடுமாம். உன் கணக்குப்படி வால் போய்விட்டது, வாழ்த்துகள். ஆனால் நீளத்தை உச்சந்தலையிலிருந்து புட்டம்வரைதான் போட்டிருக்கிறார்கள், காலைச் சேர்க்கவில்லை. ஊரிலுள்ள தராசு, படி, அளவுகோல் எல்லாவற்றையும் சோதித்து முத்திரை போட்டு ஓய்வுபெற்றவன் நான். காலை விட்டுவிட்டு அளக்கிற அளவை நான் உத்தியோகத்தில் இருந்தபோது யாராவது கொண்டுவந்திருந்தால் கடையையே மூடியிருப்பேன். சரி, டாக்டர்கள் பாடு. ஒவ்வொரு வாரமும் என்ன அளவு என்பதற்கு ஒரு பழத்தையும் சொல்லியிருந்தார்கள். ஒன்பதாம் வாரம் திராட்சை என்று போட்டிருந்தது. உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். போன தடவை அது எவ்வளவு பெரிதாக இருந்தது என்றுகூட எனக்குத் தெரியாமலே போய்விட்டது, அம்மாடி. எல்லாவற்றையும் அளந்தவனுக்கு அது மட்டும் தெரியவில்லை. இந்தத் தடவை கையில் வைத்துப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

தெருமுனைப் பழக்காரம்மா என்னைக் கண்டதும் தராசைத் துண்டால் மூடினாள். பழைய பயம் இன்னும் போகவில்லை. நான் சோதனைக்கு வரவில்லை, ஒரு திராட்சை வேண்டும் என்றேன். ஒரு கிலோவா என்றாள். ஒன்று என்றேன். பையிலிருந்து அளவுகோலை எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, புத்தகத்தில் போட்ட நீளத்துக்குச் சரியாக இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து அதை ஒரு சின்னக் கிண்ணத்தில் மேசைமேல் வைத்தேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் உன் அம்மா அதை வாயில் போட்டுவிட்டாள். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு டிவி நின்றது. “ஒத்தத் திராட்சைக்கா இந்தக் கூப்பாடு?” என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் காலிக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து மறுபடி மேசைமேல் வைத்தாள். “போய் இன்னொண்ணு வாங்கிட்டு வாங்க” என்று அவளே என்னை அனுப்பினாள்.

அடுத்த வாரம் ஒரே ஒரு பேரீச்சம்பழம். அப்போதுதான் பழக்காரம்மா பிடித்துக்கொண்டாள். “சார், வாரா வாரம் ஒண்ணே ஒண்ணு அளந்து வாங்கிட்டுப் போறீங்களே, யாருக்கு சார்?” என்றாள். உன் பெயர் தொண்டைவரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, “பூனைக்கு” என்றேன். “பூனைக்குப் பேரீச்சம்பழமா?” என்றாள். “சினையா இருக்கு. வாய்க்கு ருசியா கேக்குது” என்று சொல்லிவிட்டேன். சொன்ன மாத்திரத்தில் எனக்கு உறைத்தது, நம் மேனேஜர் கடுவன். வேலை வெட்டி இல்லாமல் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு, சாப்பாடு போட்டவனையே முறைக்கிறதே என்றுதான் நான் அதற்கு அந்தப் பெயரே வைத்தேன். ஆண் என்று முடிவு கட்டியதும் அந்த நடத்தையை வைத்துத்தான். கடுவன், கடுவன் என்று குடியிருப்பு முழுக்கச் சொல்லியும் வைத்திருக்கிறேன். ஆனால் அந்த அம்மாள் முகம் மாறவே இல்லை. “தெரியும் சார். பாத்தாலே தெரியுதே” என்றாள். என் முகத்தைத்தான் சொல்கிறாள் என்று புரிந்துவிட்டது. எனக்கு முகத்தில் எதையும் மறைக்க வராது, உனக்குத்தான் தெரியுமே.

அன்றிலிருந்து ஆரம்பித்தது, பார். வாசலில் காவலுக்கு இருப்பவர் என்னை நிறுத்தி, “சார், இந்த நேரத்துல மாடிப்படி ஏறி இறங்க விடாதீங்க, லிஃப்ட்ல கூட்டிட்டுப் போங்க” என்றார். பழக்காரம்மா தினமும் ஒரு டம்ளர் பால் கொடுத்தனுப்பி, “உங்க வீட்டுப் பூனைக்கு” என்றாள். கீழ்வீட்டுத் தையல்காரர் மிச்சத் துணியில் பஞ்சு வைத்து ஒரு சின்ன மெத்தை தைத்துக் கொண்டுவந்து, “எத்தனை மாசம் சார்?” என்று காதோடு காதாகக் கேட்டார். இனி இவரிடம் மறைத்து என்ன, “மூணு முடியப் போகுது” என்றேன். “மூணு மாசமா!” என்று வாயைப் பிளந்தார். பாவம், நாசூக்கான மனிதர், அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. விரலை மட்டும் மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போனார்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்தும், நீ மனம் நோகக் கூடாதென்று, ஒரு கடுவன் பூனை சினையாக இருப்பதாக இத்தனை பேரும் வாய் கூசாமல் நடிக்கிறார்கள். உன் அம்மாவிடம் சொன்னேன். “உங்களுக்கு மூளை கலங்கிப் போச்சு” என்றாள். அவளுக்கு மனிதர்களின் நல்ல மனசு சீக்கிரம் புரியாது. நான் சட்டையை மாற்றிக்கொண்டு இன்று மாலை ஒவ்வொருவரிடமும் நேரில் போனேன். “எங்க பொண்ணு உண்டாயிருக்கிற விஷயத்த, ஸ்கேன் முடியறவரைக்கும் வெளிய விடக்கூடாதுன்னு இருந்தோம். அது தெரிஞ்சும் இத்தனை நாள் பூனை பூனைன்னே சொல்லிக் காப்பாத்தினீங்களே, உயிர் இருக்கிறவரைக்கும் மறக்க மாட்டேன்” என்று கையெடுத்துக் கும்பிட்டேன். தையல்காரர் கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. காவல்காரர் எழுந்து நின்றுவிட்டார். பழக்காரம்மா என்னையே கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, “பாப்பாவா சார்? நம்ம பாப்பாவா?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கடைசி நிமிஷத்திலும் தெரியாத மாதிரியே நடித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்.

ஆகவே, நீ கோபப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை. ரகசியம் கொஞ்சம் கசிந்தது உண்மைதான், ஆனால் நல்ல கைகளில் இருக்கிறது. எனக்குள் இருக்கும் பயத்தை உன் அம்மாவிடம்கூடச் சொல்வதில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன், வெள்ளிக்கிழமையை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு. கனமானதைத் தூக்காதே. அந்தச் சின்னவர் எந்த அளவுக்கும் அடங்காமல் வளரட்டும் என்று நாங்கள் இருவரும் உங்கள் மூவரையும் வாழ்த்துகிறோம்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா

பி.கு.: நேற்று கவரை ஒட்டவில்லை, நல்லவேளை. மேனேஜர் இன்று விடிகாலை என் வேட்டி அடுக்கின் மேல் நான்கு குட்டி போட்டிருக்கிறது. மேனேஜர் பெண். இது என்னையும் உன் அம்மாவையும் தவிர இந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. உன் அம்மா பெயரை மாற்ற மாட்டேன் என்கிறாள், பெண் மேனேஜர் இருக்கக் கூடாதா என்று கேட்கிறாள். குட்டிகளைப் பார்க்க வந்த தையல்காரரிடம், அந்த மெத்தை யாருக்கு என்று கேட்டேன். “பூனைக்குத்தான் சார்.” பால்? “பூனைக்குத்தான் சார்.” அப்போது என் மகள் விஷயம் உங்களுக்கெல்லாம் எப்போது தெரியும்? “நேத்து சாயங்காலம் நீங்க வந்து கும்பிட்டுச் சொன்னீங்களே சார், அப்பத்தான்.”

ஆக, ஒருவருக்கும் தெரியாமல் இருந்த ரகசியத்தை, நானே வீடு வீடாகப் போய், நன்றியும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, இதை மட்டும் படித்துவிட்டுத் திட்டு.

இந்த வாரம் எலுமிச்சை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போனேன். ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பழக்காரம்மா அவர்களுக்கு நடுவே, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், “சார், பூனைக்கு ஸ்கேன் என்னிக்கு?” என்றாள். வெள்ளிக்கிழமை என்றேன். “பூனைகிட்ட தைரியமா இருக்கச் சொல்லுங்க. நீங்களா வந்து சொல்றவரைக்கும் எங்களுக்குத் தெரிஞ்சது பூனை மட்டும்தான்” என்று சொல்லிவிட்டு, கூடையில் துழாவி ஒரு எலுமிச்சையை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். நான் அளவுகோலை எடுத்தேன். “அளக்காதீங்க சார், நல்லாத்தான் வளந்திருக்கும்” என்றாள்.

அளக்காமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.