கோபுரம் போட்ட முத்திரை

காலை எட்டே கால் மணி. நான் முதலில் பார்த்தது ஒரு பெருவிரலை. அது என் பர்மியப் பகோடாவின் உச்சியில் அழுந்திக்கொண்டிருந்தது. விரல் ஒரு சிப்பாயினுடையது. அந்தப் புத்தகோயில் என் தபால் முத்திரை அல்பத்தில் இருந்தது. நாங்கள் நின்றது மன்னார்ப் பாலம் தாண்டியதும் வரும் சோதனைச்சாவடியில், சண்டைக் காலத்தில்.

பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கியிருந்தார்கள். அக்காவுக்குப் பத்து மணிக்கு முருங்கனில் ஆசிரியர் வேலைக்கு நேர்முகம். துணைக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். (வீட்டில் வேறு ஆள் இருக்கவில்லை.)

"சேர், கையால தொடாதேங்கோ, எண்ணெய் பிடிச்சிடும்," என்று சட்டைப்பையிலிருந்து இடுக்கியை எடுத்து நீட்டினேன். குண்டு போட்ட துவக்கு வைத்திருப்பவரை நோக்கிக் கூர்மையான எதையும் நீட்டக்கூடாது என்பது பத்தொன்பது வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவர் இடுக்கியை வாங்கவில்லை. பக்கத்தைப் புரட்டினார். ஜப்பானியக் கோட்டை, ஜாவா அரண்மனை, சீனக் கோயில். பிறகு ஒரு தமிழ்க் கோபுரம். அதன் கீழே எந்தப் பூகோளப் புத்தகத்திலும் இல்லாத ஒரு நாட்டின் பெயர்.

"இது எந்த நாடு?" தமிழ் அவருக்கு நன்றாகவே வந்தது.

"அப்பிடி ஒரு நாடு இல்லை, சேர்."

"இல்லாத நாட்டுக்கு முத்திரையா?"

இங்கே நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் என் சேகரிப்பே அந்த ரகம்தான்: எந்தத் தபால் கந்தோரும் வெளியிடாத, யாரோ ஆசைக்கு அச்சடித்த முத்திரைகள். அதுவரை ஒருவர்கூட என்னிடம் அதைப்பற்றி விசாரித்ததில்லை. உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

"ஓம் சேர், அதுதான் இதில விசேஷம்! அரசாங்கம் ஒண்டும் தேவையில்லை. நாலு பேர் சேர்ந்து, ஒரு பேரை வைச்சு அச்சடிச்சால் நாடு ரெடி."

வரிசையில் என்னோடு நின்றவர்கள் இரண்டடி விலகினார்கள். பின்னால் நின்ற கொண்டக்டர், "அந்தோனியாரே" என்றார். சிப்பாய் அதிகாரியைக் கூப்பிடத் திரும்பினார்.

அக்கா முன்னால் வந்தாள். என் தோளில் கை வைத்து, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒரே சொல் சொன்னாள்: "பிஸ்ஸு." பைத்தியம். நெற்றியருகே விரலைச் சுழற்றியும் காட்டினாள்.

"ஆருக்கு? எனக்கோ?" என்று தொடங்கினேன்.

"இன்னொருக்கா வாயைத் திறந்தியெண்டால் நானே சுடுவன்," என்றாள் அக்கா, சிரித்த முகம் மாறாமல்.

சிப்பாய் என்னைப் பார்த்தார். இன்னும் நீட்டியபடி இருந்த இடுக்கியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அல்பத்தை மூடித் தந்தார். கூடவே தன் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டும் தந்தார்.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. அக்கா திட்டத் தொடங்க, கொண்டக்டர் குறுக்கிட்டார்: "பேசாதேங்கோ பிள்ளை, பாவம். அதுக்கு என்ன தெரியும்?"

அக்காவுக்கு வேலை கிடைத்தது. இன்றும் நான் எதையாவது விளக்கத் தொடங்கினால், அவள் பிள்ளைகள் எழுந்துபோய் பிஸ்கட் தட்டைக் கொண்டுவந்து என் முன் வைப்பார்கள்.

அந்தச் சோதனைச்சாவடியை அகற்றும்வரை, அங்கே என் பையை யாரும் திறக்கவில்லை.