சுண்ணாம்பில் வரைந்த கீழ்த்தளம்

இல்லை சித்தி, அப்பா அழவில்லை. கண்ணில் சுண்ணாம்பு. குடும்பக் குழுவில் அம்மா போட்ட படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் போனில் கேட்ட தொனியில் ஓர் இரங்கல் இருந்தது. அது வேண்டாம்.

இனி முறைப்படி.

கிறிஸ்துவுக்குள் அன்பான ராகேல் சித்திக்கு, உங்கள் அக்கா ராஜபாயின் மகள் ஆர்ஷா எழுதுவது. இங்கே மூவரும் சுகம். மார்த்தாண்டத்தில் நீங்களும் சித்தப்பாவும், புதிதாக வாங்கிய ஆடும், குறைவில்லாமல் இருக்க ஜெபிக்கிறோம். குழுவில் விளக்கம் எழுத முடியாது, அப்பா அதில் இருக்கிறார். போனில் சொன்னால் அம்மா பக்கத்தில் நின்று திருத்துகிறாள். ஆகவே தபால்.

செய்தி ஒன்றுதான். புது வீட்டில் அம்மாவுக்குக் கீழ்த்தளத்திலேயே அறை. குளியலறையோடு. நான் வென்றேன்.

கழக்கூட்டத்தில் ஹைவேயை விட்டு இரண்டு வளைவு உள்ளே எங்கள் ஐந்து சென்ட் மனை. எஞ்சினியர் சஜின் எட்டு வரைபடம் கொடுத்தார். எட்டிலும் மாடி ஒரே மாதிரிதான், மூன்று படுக்கையறை. கீழ்த்தளம் மட்டும் மாறும். அப்பா எடுத்தது மூன்றாவது. இருபத்தாறுக்குப் பதினெட்டு அடி ஹால். முன்னால் சிட்டவுட் என்கிற திண்ணை. கார் இல்லாத எங்களுக்குக் கார் போர்ச். காட்டுவதற்கு ஓர் அடுக்களை, சமைப்பதற்கு அதன் பின்னால் இன்னொன்று. மாடிப்படிக்கு அடியில் கழிப்பறை. படுக்க இடம் கிடையாது.

அவரைக் குறை சொல்லமாட்டேன். இருபத்து நான்கு வருஷம் வாடகை வீடு. சபையின் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் வீடு வீடாகச் சுற்றும். எங்கள் முறை வரும்போது, "தங்கப்பனுக்க வீட்டுல எடமில்ல" என்று தாண்டிப் போய்விடும். அப்பா அடுத்த வீட்டுக்குப் போய் நாற்காலி போடுவார். இருபத்து நான்கு வருஷமாக அடுத்தவர் ஹாலில் நாற்காலி போட்டவர், தன் ஹாலில் அறுபது போட ஆசைப்படுகிறார். நியாயம்.

ஆனால் அம்மாவின் முழங்கால் முட்டு. படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைக்கிறாள். வைத்துவிட்டு நிற்கிறாள். "வலிக்குதாம்மா?" "இல்ல மக்களே, நின்னு பாக்கேன்." எதை? எதிரே சுவர்.

பேசிப் பார்த்தேன்.

"படுக்க மேலதான். கீழ ஆளு வரும், போவும்" என்றார் அப்பா.

"அம்மாவால ஏற முடியாதுப்பா."

"அவ ஏறுவா. ராஜபாயே, நீ ஏற மாட்டியா?"

"ஏறுவேன்" என்றாள் அம்மா.

முடிந்தது. என் கட்சியில் நான் மட்டும்.

பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம் வெளி, உடல், இருப்பு என்றெல்லாம் படித்தேன். அதில் ஒரு வரிகூட உதவவில்லை. பிறகுதான் தெரிந்தது, கோளாறு தாளில் இருக்கிறது. தாளில் அறை சின்னது. நாற்காலி அதைவிடச் சின்னது. முட்டு வரைவதற்குக் குறியீடே கிடையாது.

ஆகவே வீட்டைத் தாளிலிருந்து இறக்கினேன்.

போன சனிக்கிழமை. பழவங்காடியில் வாங்கிய இரண்டு சாக்கு சுண்ணாம்புத் தூள். அளவு டேப்போடு சஜினும் வந்தார். அப்பாவின் மூன்றாவது வரைபடத்தை அடிக்கு அடி மனையில் கோடு போட்டோம். கதவுகளுக்கு இடைவெளி விட்டோம். சட்டம் ஒன்று: யாரும் சுவரைத் தாண்டக் கூடாது. பத்து மணி முதல் நாலு மணி வரை அந்த வீட்டில் வாழ வேண்டும்.

அப்பாவுக்கு அளவில்லாத சந்தோஷம், சிட்டவுட்டில் செருப்பைக் கழற்றினார், இல்லாத கதவைத் திறந்து உள்ளே வந்தார், சபையிலிருந்து இரவல் வாங்கிய பன்னிரண்டு நாற்காலிகளை ஹாலில் போட்டு, இங்கே போதகர், இங்கே ஆர்மோனியம், இங்கே பெண்டுகள் என்று கைகாட்டி, அந்த வேகத்திலேயே அடுக்களைக்கு நடக்க, "சுவரு, அப்பா!" என்றேன், திரும்பிப் போய்க் கதவு வழியாக வந்தார், அங்கே அம்மா தூக்குவாளியைத் திறந்து மரச்சீனிக் கிழங்கும் மத்திக் குழம்பும் எடுத்து வைக்க, "இது காட்டுத அடுக்களையாக்கும், பின்னால போ" என்றார், அம்மா ஒரு கோட்டைச் சுற்றி இன்னொரு கோட்டுக்குள் போனாள், பக்கத்து மனையில் தேங்காய் பறிக்க வந்தவர் பாதி மரத்தில் நின்று "எந்தா அவிடெ, கபடியா?" என்று கேட்டார், அப்பா "வீடு" என்றார், அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "கொள்ளாம்" என்று மெச்சிவிட்டு மேலே ஏறிப் போனார், நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம், அப்பா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார், மணி ஒன்றரை ஆனது.

சித்தி, சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா இருபது நிமிஷம் படுக்காத ஒரு நாளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் கல்யாணத்திலேயே பந்தி முடிந்ததும் ஜமுக்காளத்தில் படுத்தவர்.

பாயை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்கன விரிக்க?"

"மேல, அப்பா."

"மேல எங்கட்டி இருக்கு?"

"அதான். ஏறணும்."

ஹாலுக்குப் போனார். "ஜெபக்கூட்டம் நடக்குது" என்றேன். முன் அடுக்களை காட்டுவதற்கு. பின் அடுக்களையில் அம்மா பாத்திரம் கழுவுகிறாள். படிக்கு அடியில் கழிப்பறை. பாயோடு ஒரு முழுச் சுற்று. சொந்த வீட்டில் படுக்க இடம் தேடும் மனிதன். எனக்கே ஒரு கணம் தாளவில்லை. கடைசியில் கார் போர்ச்சில் விரித்துப் படுத்தார். கை கோட்டின்மேல். எழுந்ததும் அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கினார். அம்மா படம் எடுத்தது அப்போதுதான்.

கண்ணைக் கழுவிவிட்டுப் பாயைச் சுருட்டினார். பிறகு:

"எட்டி, மனுஷனுக்குக் கீழ படுக்க ஒரு எடம் வேணும்லா?"

நான் சிரிக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அப்பா தோற்றதாக இருக்கக் கூடாதே. சஜின் வழி கொடுத்தார். தென்மேற்கைக் காட்டி, "சாரே, அது கன்னிமூலை. அவிடெ பெட்ரூம் வச்சா உத்தமமாணு. வாஸ்து" என்றார்.

அப்பா நிமிர்ந்தார். "நாம விசுவாசிகளாக்கும். வாஸ்து ஒண்ணும் பாக்கப்பிடாது."

"செரி சாரே."

"ஆனா அந்த மூலையில காத்து நல்லா வருது."

"வருதுப்பா" என்றேன். ஓர் இலைகூட அசையவில்லை.

ஹாலின் சுவரை என் காலாலேயே அழித்தேன். எட்டடி உள்ளே தள்ளிப் புதுக் கோடு. அதில் ஓர் அறை, ஒரு குளியலறை. ஹாலுக்கு முப்பத்திரண்டு நாற்காலிதான் மிச்சம். "மத்த ஆளுவ சிட்டவுட்டுல இருக்கட்டு. பாட்டு வெளியயும் கேக்கும்லா" என்றார் அப்பா. தானாகவே சொன்னார். அம்மா புது அறையின் நடுவில் போய் நின்றாள். மாடிப்படிக் கோட்டைத் திரும்பிப் பார்த்தாள். சந்தோஷத்தில் என்று எடுத்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் நினைத்த இடத்தில் ஒரு சுவர் நிற்கப் போகிறது. திங்கட்கிழமை வரைபடம் கார்ப்பரேஷனுக்குப் போகிறது.

சித்தப்பாவுக்கு என் ஸ்தோத்திரம். உங்கள் வரவையும் போக்கையும் கர்த்தர் காக்கட்டும். படிகளில் குறிப்பாக.

அன்பு மகள்,
ஆர்ஷா

பி.கு. உறையில் போடும் முன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். பிறகு சொன்னாள்:

"நான் மேல படுக்கதுக்கு எத்தன நாளா காத்துக் கெடந்தேன் தெரியுமா? கூட்டம் நடக்குத வீட்டு பொம்பிளய நீ பாத்திருக்கியா? சாயா, பலகாரம். ஆமென் சொன்ன பெறவும் நாலு பேரு இருந்து கத பறைவாவ. மேல போய்ட்டா பின்ன ஒரு பயலும் கூப்பிட முடியாது. முட்டு வய்யாதவ, எறங்க முடியாதுன்னு விட்டுருவாவ. ஏறுகது ஒரு தடவ தானே. இப்ப நீ கொண்டுபோய் கூட்டத்துக்கு வாறவியளுக்க மடியில படுக்க வச்சிருக்க."

"அப்ப முட்டு வலி?"

"அது உள்ளதுதான்."

சஜினைக் கூப்பிட்டேன். ஹாலுக்கும் அந்த அறைக்கும் நடுவில் உள்ள சுவரை ஒன்பது அங்குலக் கனமாக்கச் சொன்னேன். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். பிறகு அம்மாவிடம் கேட்டுவிட்டு, தாழ்ப்பாளை இரண்டாக்கினேன்.