கலண்டர் யானைக்கு ஒரு செவ்வரத்தம்பூ

அலுமாரி கதவு நிலையில் இறுகிக்கொண்டது. பாதி படுக்கையறைக்குள், பாதி ஹோலுக்குள். உள்ளே அகப்பட்டவர் இராமநாதன். வெளியே நின்று மூச்சு வாங்கியவர் வீட்டுத் தரகர் பளீல்.

“கொஞ்சம் சரிச்சுத் தள்ளுங்க சேர்!”

“இதுக்கு மேல சரிச்சா நான்தான் சரிவன்.”

“அவங்க இப்ப வந்துருவாங்க சேர். வத்தேகமயில பெரிய முதலாளி. நான் இன்னும் ஆளைப் பார்க்கல்ல. விஜேபாலன்னு நம்ம ஹலீம்ட கடையில சொல்லிட்டுப் போயீக்கி.”

விஜேபால! சிங்களப் பெயரைக் கேட்டதும் இராமநாதனுக்கு வேர்வை இரட்டிப்பானது. அலுமாரியைத் தோளால் முட்டினார். அலுமாரி அசையவில்லை, தோள்தான் அசைந்தது.

இந்தப் பாடுகளுக்கெல்லாம் காரணம் பிள்ளையார். ஹோல் சுவரில் மாட்டியிருந்த அவருடைய படத்தைக் காலையில் கழற்றினார்கள். கழற்றிய இடம் வெளேரென்று சதுரமாக நின்றது. சுற்றிலும் இத்தனை வருடத்துச் சாம்பிராணிப் புகை. படம் இருந்தபோதைவிட இல்லாதபோதுதான் பிள்ளையார் நன்றாகத் தெரிந்தார்.

தமிழர் வீடுகளையும் கடைகளையும் எரித்த கலவரம் முடிந்து ஒரு வருடமாகிறது. இராமநாதன் அரசாங்கக் கச்சேரியில் தலைமை லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்டியில் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு இது. அன்று கும்பல் தெருமுனை வரை வந்து திரும்பிவிட்டது. இந்த வீட்டில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. ஆனால் மனைவி கமலாசனிக்கு அன்றோடு தூக்கம் போயிற்று. வாசல் படலை கிறீச்சிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். வீட்டை விற்றுவிட்டு யாழ்ப்பாணம் போய்ச் சேரவேண்டும், அவளுக்கு வேறு நினைப்பில்லை. வாங்க வந்த இரண்டு பேரும் பிள்ளையாரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பாதி விலை சொன்னார்கள். “இன்னொரு கலவரம் வந்தால் சும்மாவே கிடைக்கும்” என்று இரண்டாமவன் வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனான். இராமநாதனுக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். அதுதான் வினை.

“வீட்டுல கொறை இல்ல சேர்,” என்று பளீல்தான் வழி சொன்னார். “வீட்டுல ஒங்கட அடையாளம் ஈக்கி. அதான் கொறை. சாமானை மாத்தி வைங்க, விலையும் மாறும்.”

ஒருவழியாக அலுமாரி வெளியே வந்து சுவரோடு நின்றது. வெள்ளைச் சதுரம் அதற்குச் சற்று மேலே நின்றது. இப்போது பிள்ளையாருக்கென்றே பீடம் செய்து வைத்ததுபோல் இருந்தது.

பளீல் தலையைச் சொறிந்தார். பிறகு குசினிக்குள் ஓடிப்போய், அடுப்புக்கு மேலே தொங்கிய, ஹலீம் கடைக்காரர் கொடுத்த பெரிய கலண்டரைக் கொண்டுவந்து சதுரத்தின்மேல் மாட்டினார். அளவெடுத்ததுபோல் பொருந்தியது. கலண்டரில், புத்த கோயில் ஊர்வலத்துக்குப் பட்டாடை போர்த்திய பெரஹெரா யானை.

கமலாசனி வந்து பார்த்தாள். “யானையை எடுத்துப்போட்டு யானையையோ வைக்கிறியள்?”

“இது பெரஹெரா யானை.”

“இதுக்கும் தும்பிக்கை இருக்குத்தானே?” என்றுவிட்டு உள்ளே போனாள்.

இனி அலுமாரிக்கு வேலையில்லை. ஆனால் சாமி அறை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. சரி, அலுமாரியை அதன் கதவுக்குக் குறுக்கே தள்ளினார்கள். இடுப்பை நிமிர்த்திப் பார்த்தால், அலுமாரியின் இரண்டு பக்கத்தாலும் புகை வருகிறது. ஆடி வெள்ளி. கமலாசனி விடியற்காலையிலேயே உள்ளே சாம்பிராணி போட்டிருந்தாள்.

“கருவாடு பொரிங்க,” என்றார் பளீல். “அதுக்கு முன்னால எந்த வாசமும் நிக்காது.”

முட்டைகூட நுழையாத வீடு. வீட்டு வேலைக்கு ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்துபோகும் வேலாயி, தன் வீட்டுக்கென்று வாங்கி வைத்திருந்த கருவாட்டைப் பொரித்தாள். புகை அடங்கவில்லை, கருவாடும் சாம்பிராணியும் கைகோத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றின.

“ஆடி வெள்ளியிலை கருவாடு!” கமலாசனி மூக்கைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். “இனி ஊருக்குப் போனாலும் எந்த முகத்தோடை கோயில் வாசல் மிதிக்கிறது?”

பளீல் தொப்பியை எடுத்தார். “ஜும்ஆவுக்கு நேரமாச்சு சேர். பேர் கேட்டா சிங்களப் பேரா ராமநாயக்கன்னு சொல்லுங்க. மத்ததெல்லாம் அல்லாட காவல்.”

அவர் போனதும் கமலாசனி உள்ளே வந்தாள். இராமநாதனின் கண் அவளுடைய நெற்றிக்குப் போனது.

“பொட்டு…” என்று இழுத்தார்.

அவள் அவரையே பார்த்தாள். “நீங்கள் உயிரோடை இருக்கேக்கையோ?”

அவளே கண்ணாடிக்கு முன் போய் நின்று அழித்தாள். அந்த இடமும் வட்டமாக வெளுத்துத் தெரிந்தது. பவுடர் பூசி மறைத்தாள். போதும், விற்கவும் வேண்டாம், போகவும் வேண்டாம் என்று இராமநாதன் அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலாயியைக் கூப்பிட்டார்.

“ஆரும் கேட்டா, இந்தத் தெருவிலை தமிழ் ஆக்கள் ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லோணும். விளங்குதோ?”

“அப்ப நான் யாருங்க ஐயா?”

“நீ… நீ தோட்டத்து ஆள்.”

வேலாயி வாசலில் போய் நின்றுகொண்டாள்.

வெளியே கார் வந்து நின்றது. கட்டையான மனிதர் ஒருவரும் மனைவியும் இறங்கினார்கள். அந்தப் பெண்ணின் நெற்றியில் ஒன்றுமில்லை. வெயிலுக்கு வேர்த்த நெற்றியைக் கைலேஞ்சியால் ஒற்றிக்கொண்டே வந்தாள். மனிதர் படியேறி, இரண்டு கையையும் பாதி தூக்கி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

இராமநாதன் சிங்களத்தில் வணக்கம் சொல்லி முந்திக்கொண்டார். “ஆயுபோவன்!”

வந்தவரின் வாய் திறந்தபடி நின்றது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் “ஆயுபோவன்” என்றார்.

அதற்குப் பிறகு பேசியதெல்லாம் சிங்களம். வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். எல்லாம் பிடித்திருப்பது முகத்தில் தெரிந்தது. மனைவி மட்டும் சேலைத் தலைப்பை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

“இன்றைக்கு மீன் சமையலோ?” என்று கேட்டாள்.

“எங்களுக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது,” என்று இராமநாதன் பெருமையடித்தார்.

அவள் ஹோலைச் சுற்றிப் பார்த்தாள். “சின்னதாக ஓர் அறை ஏதும் இல்லையா?”

இராமநாதன் அலுமாரியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “இல்லை. இவ்வளவுதான்.”

“அக்கம்பக்கத்தில் எப்படிப்பட்ட ஆட்கள்?” என்று கணவர் மெல்லக் கேட்டார்.

“எல்லாரும் நம்மவர்கள்தான். நீங்கள் எதற்கும் பயப்பட வேண்டாம்.”

அவர் மெதுவாகத் தலையாட்டினார். அப்போதுதான் அந்தப் பெண் கலண்டருக்கு முன்னால் நின்றுவிட்டாள். இராமநாதனும் பார்த்தார். யானையின் தலைக்கு மேலே, ஆணியில், புதிதாகப் பறித்த செவ்வரத்தம்பூ. கமலாசனி எப்போது வைத்தாளோ!

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. கை தானாக நெஞ்சுக்குப் போனது. “இதை யார் வைத்தது?” என்று கேட்டாள்.

பிடிபட்டோம் என்று நினைத்தார் இராமநாதன். வாயில் வந்ததைச் சொன்னார். “வேலைக்காரி. தமிழ்ப் பெட்டை. அதுகளுக்கு யானையைக் கண்டால் போதும்!” பூவைப் பிடுங்கி யன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டுச் சிரித்தார்.

அவர் மட்டும்தான் சிரித்தார்.

“யோசித்துச் சொல்கிறோம்,” என்றார் வந்தவர். விலைகூடக் கேட்கவில்லை.

அவர்கள் படியிறங்கியதும் இராமநாதன் கதிரையில் விழுந்தார். கார் புறப்படும் சத்தம் கேட்டது. கமலாசனி வந்து எதிரே நின்றாள். எறிந்த பூ அவள் கையில் இருந்தது.

வாசலிலிருந்து வேலாயி வந்தாள். “ஐயா, அந்தம்மா கார்கிட்ட நின்னு எங்கிட்டப் பேசினாங்க. பாவம், அழுதுட்டாங்க.”

“ஏனாம்?”

“போன வருசம் அவங்க கடையை எரிச்சிட்டாங்களாம். நம்ம ஆளுங்க இருக்கிற பக்கமாப் பாத்து, கேக்கிற விலை குடுத்து வாங்கிக்கலாம்னு வந்தாங்களாம். தமிழ் ஐயா வீடுன்னு கோயில்ல சொன்னாங்களே, வீடு மாறி வந்துட்டோமான்னு கேட்டாங்க.”

இராமநாதன் எழுந்துவிட்டார். “தமிழிலையோ கேட்டவ?”

“பின்ன? விஜயபாலன் முதலாளி சம்சாரமுங்க அவங்க.”

பளீல் சொன்னது ‘விஜேபாலன்னு’. இராமநாதன் அந்தச் சொல்லை வாய்க்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். ஒரேயோர் எழுத்து, ‘ன்’. அதைப் பெயரோடு சேர்த்திருக்க வேண்டும்; ‘னு’வோடு சேர்த்துவிட்டார். படலைக்கு ஓடினார். தெருவில் கார் இல்லை.

“போயிட்டாங்கய்யா,” என்று வேலாயி பின்னாலேயே வந்தாள். “இனி இந்த ஊரே வேணாம், கடல் தாண்டி இந்தியாவுக்கே போயிடுவோம்னு முதலாளி சொல்லிட்டுத்தான் காரை எடுத்தாரு.”

“அப்பிடிச் சொல்லுறதுக்கு நீ என்னடி சொன்னனீ?” கமலாசனி படியில் நின்று கத்தினாள்.

வேலாயி இராமநாதனைப் பார்த்தாள். “ஐயா சொல்லிக்குடுத்ததைத்தாங்கம்மா. ‘இந்தத் தெருவுல தமிழ் ஆளுங்க ஒருத்தரும் இல்லீங்க’ன்னு.”