ராக்கெட்டின் நூற்று எழுபது

உலகத்திலேயே வேகமாகக் கார் ஓட்டுகிற ஆள் எங்கள் பட்டாபிராமில்தான் இருக்கிறான். இதைச் சொன்னது வேறு யாருமில்லை, அவனேதான். பெயர் ராக்கெட். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கும். அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கட்டும்.

வாடகைக்கு ஓட்டுகிறான். ஹைப்ரிட் கார் என்பார்கள், பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். தெருவை விட்டுக் கிளம்பும்போது சத்தமே வராது. எதிர்வீட்டு நாய் எல்லா வண்டியையும் துரத்தும். இது மட்டும் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாமல் மூளை குழம்பிப் படுத்துவிடும்.

ஸ்டேஷன் பக்கம் இன்னும் இரண்டு டிரைவர்கள் அதே மாதிரி கார் வாங்கினார்கள். சாயங்காலம் டீக்கடையில் பேச்சே அதுதான். பால் வாங்கப் போனால் நின்று முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வருவேன். டிவியில்கூட அவ்வளவு நன்றாக இருக்காது.

"நேத்து ஹைவேல நூத்தி இருவது புடிச்சேன் மாமே" என்பான் ஒருவன்.

"நான் நூத்தி நாப்பது. ஸ்டீரிங்கே ஆடல" என்பான் இன்னொருவன்.

ராக்கெட் டீயை ஊதி ஊதிக் குடித்து முடிப்பான். கிளாசை வைத்துவிட்டு, "நூத்தி எழுவது" என்பான். "இன்னும் போவும். சென்னீர்குப்பம் சிக்னல் வந்துடுச்சேன்னு நான்தான் காலை எட்த்துட்டேன்."

மற்ற இரண்டு பேரும் டீக்குக் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

இதனால் வந்த வினை, எங்கள் தெருவில் ஒருத்தரும் அவன் காரில் ஏறுவதில்லை. வெளி ஆட்கள்தான் அவனுக்குச் சவாரி. என் மருமகள் சொல்வாள், "அவன் வண்டில போறதுக்கு நடந்தே போவலாம். உசிரோடவாவது போய்ச் சேருவோம்."

போன தை மாதம் என் பேரனுக்கு நசரத்பேட்டை மண்டபத்தில் கல்யாணம். மண்டபத்துக் காபியைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், இப்போது வேண்டாம். எங்கள் வழக்கப்படி தாலியை முதல் நாள் வீட்டுச் சாமி முன்னால் ஒரு படி அரிசியில் வைத்துக் கும்பிடுவோம். மறுநாள் அதை மகன் எடுத்துக்கொண்டான் என்று மருமகள் இருந்தாள், மருமகள் எடுத்துக்கொண்டாள் என்று மகன் இருந்தான். ஐயர் தாலியைக் கேட்டபோதுதான் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். சீர்த்தட்டில் அன்னாசிப்பழத்துக்குக் கண்ணாடி மாட்டிப் பொம்மை செய்யக்கூட மறக்கவில்லை. தாலியை மறந்துவிட்டோம்.

முகூர்த்தம் முடிய ஒரு மணி நேரம்கூட இல்லை. பெண்ணின் பெரியப்பா, "இன்னா சகுனம் இது?" என்று ஆரம்பித்துவிட்டார். நேரம் தப்பினால் பெண்ணை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிற ஆள் அவர்.

வீட்டுச் சாவி என் இடுப்பில் இருந்தது. வேன்கள் சொந்தக்காரர்களைக் கூட்டிவரப் போயிருந்தன. வாசலில் நின்றது கல்யாணத்துக்கு வந்திருந்த ராக்கெட்டின் கார் ஒன்றுதான். மருமகள் அழுதுகொண்டே என் நெற்றியில் திருநீறு பூசினாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு முன்சீட்டில் ஏறினேன்.

"பெல்ட்டு போட்டுக்க ஆயா."

"போட்டாச்சு நைனா. சாமிய கும்பிட்டுகினு கீறேன். கெளப்பு."

"கெளம்பி ரொம்ப நேரமாச்சு ஆயா."

கண்ணைத் திறந்தேன். வெளிவட்டச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு தட்டான்பூச்சி முன்கண்ணாடி ஓரத்தில் சாவகாசமாக உட்கார்ந்து எங்களோடேயே வந்தது. தண்ணி லாரி ஒன்று எங்களை முந்திப் போனது. அதற்குப் பின்னால் மொபெட்டில் பெண்டாட்டி, பிள்ளை, கேஸ் சிலிண்டரோடு ஒருத்தர் முந்தினார். திரும்பி எங்களைப் பார்த்துப் பாவப்பட்டுவிட்டு வேறு போனார்.

எழுத்து எனக்குத் தெரியாது. பஸ் ஏறிப் பழகியதில் நம்பர் தெரியும். ஸ்டீரிங்குக்குப் பின்னால் வெளிச்சமாக நின்றது முப்பத்தெட்டு.

"இன்னாடா இது, நூத்தி எழுவதுன்னியே."

"அது அப்பால வரும் ஆயா."

"எப்போ? என் பேரனுக்குப் புள்ள பொறந்தப்பறமா?"

பின்னால் யாராவது தெரிந்தவர்கள் வருகிறார்களா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டான். அப்புறம் மெல்லச் சொன்னான். "மெதுவா போனா பேட்டரில ஓடும் ஆயா. மிதிச்சா என்ஜின் முழிச்சிக்கும். அது திடீர்னு உறுமும் பாரு, எனக்கு அதான் பயம். வாங்குன நாள்லேர்ந்து இப்டித்தான் ஓட்டிகினு கீறேன். வெளிய சொல்லிடாத."

உயிர் பிழைத்தோம் என்று மனசு குளிர்ந்தது. தாலி போய்ச் சேராதே என்று வயிறு எரிந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், தாலியை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பி ஏறினேன். பாதி வழியில் மகன் போன் செய்தான்.

"யம்மா, ஐயரு மந்திரத்தை இழுத்து இழுத்துப் பாக்குறாரு. இனிமே இழுக்க மந்திரம் இல்லியாம்."

நான் ராக்கெட்டைப் பார்த்தேன். "மிதி."

"வேணாம் ஆயா."

"பயந்துகினே மிதி. நான் பக்கத்துலதான குந்திகினு கீறேன்."

மிதித்தான். எருமை கனைத்த மாதிரி என்ஜின் முழித்துக்கொண்டது. "முருகா, முருகா" என்று ராக்கெட் அலற ஆரம்பித்தான். ஆனால் காலை எடுக்கவில்லை. ஐம்பது ஏறியது, அறுபது ஏறியது. தட்டானைக் காணோம். தண்ணி லாரி ஒன்றை முந்தினோம். முந்தியதே அவனுக்குத் தெரியாது, நான் பார்த்தேன். எழுபத்திரண்டு வரைக்கும் போய் நம்பர் நின்றது. மண்டபத்து வாசலில் இறங்கும்போது அவன் சட்டை பிழிந்தால் சொட்டும்போல இருந்தது.

கெட்டிமேளம் கொட்டித் தாலி ஏறியதும்தான் எனக்கு மூச்சு வந்தது. சகுனம் பேசிய பெரியப்பா முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்திருந்தார்.

சாப்பாட்டு நேரத்துக்கு வந்துசேர்ந்த டீக்கடை ஆட்கள் விஷயத்தைக் கேள்விப்பட்டு ராக்கெட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். "எவ்ளோ புடிச்சே மாமே?"

கையிலிருந்த காபி டம்ளரை வைத்துவிட்டு, "நூத்தி..." என்று ஆரம்பித்தவன் என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

"நூத்தி எம்பது" என்றேன் நான். "என் கண்ணால பாத்தேன்."

நீங்களும் அந்தப் பக்கம் போனால் இதைப் பற்றி மூச்சுவிடாதீர்கள். இப்போது கண்ணாஸ்பத்திரிக்கானாலும் கோயிலுக்கானாலும் நான் போவது ராக்கெட் காரில்தான். தெருவில் என்னைத் தைரியசாலி என்கிறார்கள். ஏறி பெல்ட் போட்டதுமே எனக்குத் தூக்கம் வந்துவிடும். நான் தூங்கிவிட்டேன் என்று தெரிந்தால், அவன் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போவான்.