துரை தகரம் எடுத்தது பற்றி – மிக இரகசியம்

அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தைத்தான் நான் ரொம்பத் தைரியமாக அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், ரிவர்ஸ்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபிசில் கிளாக்கராக இருந்தேன். மனைவி சாந்திக்கு அங்கேயே பிள்ளைக்காம்பராவில் வேலை (கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம்). கூரை ஒழுகும். மழை வந்தால் தொட்டில்களை மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டிருப்பாள். அந்தக் கூரைக்கென்று வந்த புதுத் தகரம் துரை (தோட்டத்து மேனேஜர்) பங்களாவில் கார் கொட்டகையாகியிருந்தது.

கொழும்புத் தலைமை ஆபிசுக்கு முறைப்பாடு எழுதுவதென்று நான், சாந்தி, டிராக்டர் ஓட்டும் அவள் அண்ணன் சிவம், மூவரும் முடிவெடுத்தோம். துரைக்குத் தெரிந்தால் மூன்று பேர் வேலையும் போய்விடும்.

"பூட்டுப் போட்ட ஈமெயில் இருக்கு மச்சான். பாஸ்வேர்ட் இல்லாம ஒருத்தரும் தொறக்க முடியாது" என்றேன். (போனில் பாதி வீடியோ பார்த்திருந்தேன். விஷயம் மீதிப் பாதியில் இருந்திருக்கிறது.)

அப்படியே பூட்டி அனுப்பினேன். நாலாம் நாள் துரை கூப்பிட்டார். மேசைமேல் ஒரு தாள். தலைமை ஆபிசில் கடிதத்தைத் திறக்க முடியாமல், என்னவென்று பார்க்கச் சொல்லி எங்கள் தோட்டத்துக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள். பாஸ்வேர்டை அவர்களுக்குச் சொல்ல நான் மறந்திருந்தேன்.

"உள்ளுக்கு என்னா இருக்குன்னு தெரியல. வெளியில இருக்கிறத வாசிங்க" என்றார் துரை அமைதியாக.

வாசித்தேன். அனுப்பியவர், நான். பிரதி, சாந்திக்கும் சிவத்துக்கும். நேரம், காலை பத்தேகால் (ஆபிஸ் நேரம்). தலைப்பு: 'துரை தகரம் எடுத்தது பற்றி – மிக இரகசியம்'.

பூட்டு கடிதத்தின் உள்ளே இருப்பதற்கு மட்டும்தானாம். யார், யாருக்கு, எப்போது, எதைப் பற்றி என்பதெல்லாம் தபால் உறைமேல் எழுதின மாதிரி வெளியே கிடக்குமாம்.

"பாஸ்வேர்ட் என்னா?"

பயத்தில் அது உண்மையாகவே மறந்துவிட்டது. பேசாமல் நின்றேன்.

துரை எழுந்து கதவைச் சாத்தினார். "ஜெனரேட்டர் டீசல் விஷயமும் எழுதியிருக்கீங்களா?"

டீசல் விஷயம் என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அதற்கும் பேசாமல் நின்றேன்.

"சரி, போங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். சாந்தி சத்தம் போடவில்லை. "எங்க பேர எதுக்குங்க போட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவர்களுக்கும் ஒரு பிரதி இருக்கட்டுமே என்றுதான் போட்டேன். சிவம் துணிமணியை மூட்டை கட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போய்வந்தார்.

மூன்றாம் நாள் பங்களாக் கொட்டகைத் தகரம் பிள்ளைக்காம்பராக் கூரைக்கு ஏறியது. ஒருவர் வேலையும் போகவில்லை. பூட்டின கடிதத்துக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று துரை தானாகவே யோசித்துப் பயந்திருக்க வேண்டும். உள்ளே இருந்தது நாலே வரி.

இப்போது என் ஈமெயில் எல்லாவற்றுக்கும் தலைப்பு 'வணக்கம்'. ஆனாலும் வீட்டில் யாராவது குரலைத் தாழ்த்தி, "ஒருத்தர்கிட்டயும் சொல்லிராதீங்க" என்று ஆரம்பித்தால், சிவம் மச்சான் என்னைப் பார்த்துக்கொண்டே சாவகாசமாகக் கேட்பார்: "சரி, தலைப்பு என்னா?"