மூன்றாவது படி வரும்வரை

உலகத்தில் தேயாத பொருள் ஒன்றே ஒன்றுதான், அது எங்கள் வீட்டு நிலவறையில் இருக்கிறது என்று, பதினாலாவது வாளியைத் தூக்கும்போது நினைத்துக்கொண்டேன். நிலா தேய்கிறது. செருப்பு தேய்கிறது. சில வீடுகளில் அன்பும் தேய்கிறது என்று கேள்வி. எங்கள் பேட்டரி மட்டும் மூன்று வருடமாக நூறு சதவீதத்தில் அசையாமல் நிற்கிறது. இப்படி ஒரு சாதனையின் தலைக்கு மேலே அடுப்பு மூட்டிக் குடித்தனம் நடத்தும் பாக்கியம் எத்தனை பெண்களுக்குக் கிடைக்கும்? நினைத்து முடிப்பதற்குள் பதினோரு படிகளும் முடிந்திருந்தன. புழக்கடைச் சாக்கடையில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பதினைந்தாவது வாளிக்காக இறங்கினேன்.

சாதனை என்றால் அதற்கு ஒரு வரலாறு இருக்க வேண்டும். எங்கள் தெரு தாழ்வான தெரு. அதில் எங்கள் வீட்டுக்கு மட்டும் நிலவறை உண்டு. மழை வலுத்தால் தரையிலிருந்தே தண்ணீர் ஊறும். மூலையில் ஒரு குழி, குழிக்குள் ஒரு மோட்டார். தண்ணீர் வர வர மோட்டார் அதை வெளியே தள்ளிவிடும், கரண்ட் இருந்தால். மழையும் கரண்டும் எங்கள் ஊரில் மாமியார் மருமகள் மாதிரி. ஒன்று வந்தால் மற்றது எழுந்து போய்விடும். இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வருட மழையில் என் கணவரின் கோப்புகள் எல்லாம் அலமாரியை விட்டு வெளியே வந்து நீந்தின. அடுத்த மாதமே இன்வெர்ட்டரும் பேட்டரியும் வந்தன.

என் கணவர் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. அங்கே என்ன தயாரிக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தரமாக இருக்கும்.

பேட்டரி மாட்ட வந்த மெக்கானிக் எல்லாவற்றையும் விளக்கினார்.

"கரண்ட் போனா தானா இது எடுத்துக்கும் சார். மோட்டார் பாட்டுக்கு ஓடும். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்."

"ஒண்ணுமே பண்ண வேணாமா?" என் கணவரின் முகம் வாடிவிட்டது.

"வேணாம் சார். ஓட ஓட பேட்டரிக்கு ஆயுசு கொஞ்சம் கொறையும். அது சகஜம், அதுக்குத்தானே வாங்குறோம்."

இந்தப் பேச்சில் என் கணவர் முதல் பாதியைக் கேட்டார். இரண்டாம் பாதி அவர் காதுக்கு வருவதற்குள் அவர் யோசனையில் ஆழ்ந்துவிட்டார்.

அன்று மாலையே சாப்பாட்டு மேசையில் 'அவசரநிலை வரையறைக் கூட்டம்' நடந்தது. தலைமை, என் கணவர். குறிப்பு எடுத்தவள், கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள். பொதுமக்கள், நான்.

"அவசரநிலைன்னா என்ன?" என்று தலைவர் கேட்டார்.

"தண்ணி வர்றது," என்றேன்.

"அது சம்பவம். அவசரநிலை வேற."

"முழங்கால் வரைக்கும் வந்தா அவசரநிலை. எழுதிக்கவாப்பா?"

"யாரோட முழங்கால்? உன்னோடதா, என்னோடதா? அளவுன்னா எல்லாருக்கும் பொதுவா இருக்கணும்."

அவரே சிவப்புப் பெயின்ட்டோடு இறங்கிப் போய், கீழிருந்து மூன்றாவது படியில் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தார். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் அவசரநிலை, பேட்டரியை ஓட்டலாம். அதுவரை 'ஆரம்பகட்ட நடவடிக்கை'.

"ஆரம்பகட்ட நடவடிக்கைன்னா என்னப்பா?"

"வாளி."

யார் என்று மகளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த வீட்டில் ஒரு வேலைக்கு ஆள் பெயர் சொல்லப்படாவிட்டால் அந்த ஆள் நான்தான் என்பது கல்யாணமான முதல் வாரத்திலேயே எனக்குப் பழகிவிட்டிருந்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

தானாக ஓடும் சுவிட்சை அவர் அணைத்து வைத்தார். அதற்குக் கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டினார். சாவி அவருடைய சட்டைப் பையில்.

இந்தத் திட்டத்தின் அழகை நிதானமாகப் பார்க்க வேண்டும். நான் இறைத்ததால் தண்ணீர் மூன்றாவது படிக்கு வரவே இல்லை. வராததால் பேட்டரி ஓடவே இல்லை. ஓடாததால் அது நூறிலேயே இருந்தது. நூறிலேயே இருந்ததால் திட்டம் வெற்றி. வெற்றி பெற்ற திட்டத்தை மாற்றுவானேன்? ஆகவே நான் இறைத்தேன். இதில் எங்கேயாவது ஓட்டை உண்டா? இருந்திருந்தால் அதன் வழியாகத் தண்ணீராவது வெளியே போயிருக்கும்.

அவரும் சும்மா இருந்தார் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் இருக்கும் நாட்களில் ஆறாவது படியில் நாற்காலி போட்டு 'கண்காணித்தார்'. மகள், சுவரில் மாட்டிய கருவி செல்போனுக்கு அனுப்பும் 'நீர்மட்ட எச்சரிக்கை'யை, கும்பிடும் கை படத்தோடு உடனுக்குடன் எனக்கு அனுப்பினாள். தண்ணீரில் நிற்பவளுக்குத் தண்ணீர் வந்திருக்கும் செய்தி தாமதமில்லாமல் வந்து சேர்ந்தது.

பேட்டரியைக் கவனித்துக்கொண்ட விதத்தைப் பார்த்தால் கல்லும் உருகும். ஈரம் படாமல் இருக்க அதற்கு ஒரு மர ஸ்டூல். தூசி துடைக்க மெத்தென்ற துணி. அது சூடாகிறதா என்று பார்க்க ஒரு வெப்பமானி. அலுவலகத்திலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கீழே இறங்கி, அதன் பக்கத்தில் கை வைத்துப் பார்ப்பார். ஒரு சாயங்காலம், பிழிந்த புடவை முந்தானையோடு நான் பக்கத்தில் நிற்க, அவர் அந்தப் பெட்டியின் மூலையை நகத்தால் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். நான் அந்தப் பெட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். சக்களத்தி வந்திருந்தால் ஊரில் நாலு பேரிடம் சொல்லி அழலாம். இதை யாரிடம் சொல்வது?

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் எனக்கும் அந்த நூறு பெருமையாகத்தான் இருந்தது. விருந்தாளிகளைக் கீழே கூட்டிக்கொண்டு போய், "வாங்கின நாள்லேர்ந்து ஒரு பாயின்ட் இறங்கல," என்று அவர் சொல்லும்போது, அடுத்த வாக்கியத்தில் நான் வருவேன் என்று காபித் தட்டோடு படியில் நிற்பேன். அடுத்த வாக்கியம் எப்போதும், "காபி ஆறிடப் போவுது, எடுத்துக்கோங்க," என்பதுதான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை வந்திருந்தால் இன்னும் மூன்று வருடம் இறைத்திருப்பேனோ என்னவோ. நல்ல வேளை, வரவில்லை.

இந்த மழைக்காலத் தொடக்கத்தில் என் முதுகு பேச ஆரம்பித்தது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வெயிட் தூக்கவே கூடாதும்மா. இதுக்கு மேல தூக்கினா ஆபரேஷன்தான். அதுக்கப்புறமும் முன்ன மாதிரி நடப்பீங்கன்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்."

என் கணவர் ஆழ்ந்த கவலையோடு கேட்டுக்கொண்டார். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார்:

"சின்ன வாளி வாங்கிடலாம்."

வாங்கினார். வாளி பாதியானது, நடை இரண்டு மடங்கானது. அவர் அலுவலகத்தில் இதற்குப் பெயர் 'பணியாளர் நலன்'.

போன வாரம் பழைய மெக்கானிக் மூன்று வருடச் சர்வீஸுக்கு வந்தார். கணவர் சாவியைக் கொடுத்துவிட்டு மேலே போனில் பேசிக்கொண்டிருந்தார். மீட்டரைப் பார்த்த மெக்கானிக்குக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஒரு தடவைகூட ஓடலியா அக்கா? இந்தத் தெருவுல கரண்டே போறதில்லையா?"

"போகுமே. நேத்துகூட ரெண்டு மணி நேரம் போச்சு."

"அப்போ தண்ணி?"

நான் வாளியைக் காட்டினேன். அவர் வாளியைப் பார்த்தார், படிகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க ரெண்டு மணி நேரம் இறைக்கறது இதுக்குப் பத்து நிமிஷ வேலை. ரெண்டு பர்சன்ட்கூட இறங்காது."

சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று தலையைக் குனிந்துகொண்டு அட்டையில் எழுதினார்: 'நல்ல நிலையில் உள்ளது.' பேட்டரியைப் பற்றித்தான்.

பத்து நிமிஷம், ரெண்டு பர்சன்ட். அன்றிலிருந்து அரிசி களையும்போதும் தலை சீவும்போதும் இந்த இரண்டு எண்களும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று வருடத்தில் பேட்டரி தேயவில்லை, சரி. தேய்ந்தது எது என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு மீட்டர் கிடையாது.

இந்த நிலையில்தான் எங்கள் தெரு குடியிருப்போர் நலச் சங்கம் எங்கள் வீட்டை 'பேரிடர் தயார்நிலையில் முன்மாதிரி இல்லம்' என்று தேர்ந்தெடுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, கொட்டுகிற மழையில், சங்கத் தலைவர் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழோடும் உறுப்பினர்கள் ஐந்து பேரோடும் வந்தார். விழா நிலவறையிலேயே நடக்க வேண்டும் என்பது என் கணவரின் விருப்பம். எல்லோரும் பேட்டரியைச் சுற்றி நின்றார்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் 'நூறு' பச்சையாக மின்னியது. மூலையில் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

"இந்த வெற்றிக்குக் காரணம் மூணே மூணு," என்று என் கணவர் ஏற்புரையைத் தொடங்கினார். "திட்டமிடல், கண்காணிப்பு, கட்டுப்பாடு."

நான் நாலாவதுக்குக் காத்திருந்தேன். பழக்கதோஷம்.

"உங்க வீட்டம்மா ஒத்துழைப்பும் இருந்திருக்குமே சார்?" என்றார் தலைவர்.

"நிச்சயமா. இன்னிக்கு வரைக்கும் அவங்க இதுல தலையிட்டதே இல்ல."

கைத்தட்டல். அந்த ஓசையின் நடுவே கரண்ட் போய் விளக்கு அணைந்தது. கைத்தட்டல் ஓய்ந்த பிறகுதான் மோட்டாரின் உறுமலும் நின்றிருப்பது தெரிந்தது. சுவரின் மேலே இருந்த சின்ன ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. குழி நிரம்பி, தண்ணீர் சத்தமில்லாமல் தரையில் பரவியது. உறுப்பினர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினார்கள்.

"அடடா, நேர்லயே பாக்கற பாக்கியம்!" என்றார் தலைவர். "போடுங்க சார் சுவிட்சை!"

"அது முடியாதுங்க. தண்ணி இன்னும் மூணாவது படிக்கு வரல."

"ஓ! விதின்னா விதிதான்." தலைவர் மற்றவர்களைப் பார்த்துத் தலையாட்டினார். "பாத்தீங்களா, இதான் கட்டுப்பாடு."

ஏற்புரை தொடர்ந்தது. தண்ணீர் முதல் படியை நெருங்கியபோது கூட்டம் ஒரு படி மேலே ஏறியது. மகள் ஏழாவது படியிலிருந்து அனுப்பிய எச்சரிக்கை என் கையிலிருந்த போனில் வந்து கும்பிட்டது. என் கணவர் பேச்சை நடுவில் நிறுத்தி, தண்ணீர் குடிப்பது போல என் பக்கம் வந்து குனிந்தார்.

"இங்க பாரு, ஒரு எட்டு வாளி. இவங்க கெளம்பற வரைக்கும் போதும். இல்லன்னா இவங்க கண்ணு முன்னாடியே நூறு போயிடும்."

அவர் கையில் சின்ன வாளி இருந்தது. மூன்று வருடத்தில் இந்த நிலவறையில் அவர் வாளியைத் தொட்டு நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். உள்ளே தேடியும் பார்த்தேன். கோபம் இல்லை. பத்து நிமிஷம், ரெண்டு பர்சன்ட் என்ற இரண்டு எண்கள் மட்டும், பாத்திரம் கழுவிக் கவிழ்த்த மாதிரி, சுத்தமாக இருந்தன.

நான் சிவப்புக் கோட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். மூன்றாவது படி.

"என்ன பண்ற? எந்திரி!"

"அவசரநிலைக்குக் காத்திருக்கேங்க."

"வெளையாடற நேரமா இது? தண்ணி இப்பதான் முதல் படியத் தாண்டுது."

"தெரியுதுங்க. கால் நனையுது."

மேலேயிருந்து தலைவர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், ஏதாவது கோளாறா? உங்க சிஸ்டம் வேலை செய்யலையா?"

என் மகள் என்னைப் பார்த்தாள். பிறகு வாளியைப் பார்த்தாள். மூன்று வருடக் கூட்டக் குறிப்புகளையும் எழுதியவள் அவள்தான்.

"சிஸ்டம் உக்காந்துருக்கு அங்கிள்," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. ஆறு பேரும் முதல் தடவையாக என்னைப் பார்த்தார்கள். பிறகு சின்ன வாளியை, அதைப் பிடித்திருந்த கையை, அந்தக் கைக்கு மேலே சட்டைப் பையில் தொங்கிய சாவியை. தலைவர் சான்றிதழை மெதுவாகத் தன் பக்கம் திருப்பி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்போதுதான் படிப்பவரைப் போலப் படித்தார்.

தண்ணீர் இரண்டாவது படிக்கு வந்தது.

"பாதி வாளி தூக்கினாக்கூட போதும்மா," என்றார் என் கணவர். இவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "உனக்காகத்தானே சின்னதா வாங்கினேன்?"

"இல்லைங்க," என்றேன்.

கால்களை மட்டும் கொஞ்சம் மேலே இழுத்து வைத்துக்கொண்டேன்.