உளுந்தக்கா போட்ட பற்று

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே வடைக்கடை வைத்திருக்கும் உளுந்தக்காவைப் பொறுத்தவரை, உலகத்தில் நோய் என்று ஒன்று கிடையவே கிடையாது. உளுந்து போதாத குறைதான் உண்டு. இடுப்பு வலியா, உளுந்து போதவில்லை. முடி கொட்டுகிறதா, உளுந்து போதவில்லை. மருமகள் மதிக்கவில்லையா, அதற்கும் ஏதோ ஒரு வகையில் உளுந்துதான் போதவில்லை. அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. ரேஷன் கார்டிலேயே உளுந்தக்கா என்றுதான் இருக்கும் என்பது எங்கள் அலுவலகத்தின் நம்பிக்கை.

நான் அந்தக் கடைக்கு மேல்மாடி அலுவலகத்தில் குமாஸ்தா. நாள் முழுக்க வடை வாசனையும் அக்காவின் குரலும் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கும். ஒருநாள் கண்டக்டர் ஒருவர் அவசரமாக ஓடிவந்து இரண்டு வடை கேட்டார்.

"உனுக்கு வடை கிடையாது. மூஞ்சப் பாத்தாலே தெர்து, வாயு. பூண்டு போட்டு உளுந்தங்கஞ்சி வச்சிருக்கேன், குந்தி குடி."

"பஸ்ஸு கெளம்பிடும்கா!"

"எப்டி கெளம்பும்? நீ தான கண்டக்டரு?"

கண்டக்டர் உட்கார்ந்து கஞ்சி குடித்தார். பஸ் காத்திருந்தது.

வெள்ளை உளுந்தைக் கண்டால் அக்காவுக்கு ஆகாது. "சட்டைய கயட்டிப்புட்டு நிக்குது பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். தோலோடு கூடிய கருப்பு உளுந்துதான் அவருக்கு உளுந்து. ஊரில் எந்தப் பெண் வயதுக்கு வந்தாலும், தாய்மாமனுக்குத் தகவல் போவதற்கு முன்னால் அக்கா நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விட்டுக் கிண்டிய களிச்சட்டியோடு வாசலில் நிற்பார். "இப்போ இடுப்புக்கு பலம் குடுத்தா, அம்பது வயசுல என்னான்ட வந்து அய மாட்டா" என்பார்.

இப்படிப்பட்டவர் கண்முன்னால்தான் நான் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கினேன்.

காரணம் கேவலமானது. அலுவலகத்துக்குப் புதிதாக வந்த இளைஞன் தண்ணீர் கேனை ஒற்றைக் கையால் தூக்கினான். "நாங்க தூக்காத கேனா?" என்று நானும் தூக்கினேன். கேன் எழுந்தது, நான் எழவில்லை. அன்று வியாழக்கிழமை. ஞாயிறன்று பக்கத்து ஊரான பெருநகருக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. பதினொரு வீட்டில் பஜ்ஜி தின்றுவிட்டு வந்தாயிற்று. இதுவும் தட்டிப்போனால் இனிமேல் தரகரே வீட்டுப்பக்கம் வரமாட்டார் என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் அக்கா உற்சாகமாகிவிட்டார். ஒரு பொட்டலம் நிறைய உளுந்து மாவைக் கொடுத்தார்.

"முட்ட வெள்ளக்கருவுல கொயைச்சி, துணில தடவி, அந்த துணிய இடுப்புல சுத்து. மூணு நாளைக்கு பிரிச்சி போடு. துணி இல்லாம போட்டுறாத நைனா, அப்பால பேஜாராயிடும்."

நான் பி.காம். படித்தவன் அல்லவா, யோசித்தேன். வலிப்பது இடுப்பா, துணியா? நடுவில் துணி எதற்கு? மூன்று நாள் மருந்தை ஒரே நாளில் போட்டால் மூன்று மடங்கு குணமாகுமே? சனிக்கிழமை சாயங்காலம் ஆறு முட்டையை உடைத்து, மாவு முழுவதையும் குழைத்து, விலாவிலிருந்து இடுப்பு வரை சுற்றிலும் நேராகத் தோல்மேல் அப்பிக்கொண்டேன். இதை அம்மாவிடம் கூடச் சொல்லவில்லை.

காலையில் வலி துளியும் இல்லை. ஏனென்றால் இடுப்பே இல்லை, அந்த இடத்தில் ஒரு சுவர் இருந்தது. பிய்க்கப் பார்த்தால் முடியோடு உயிரும் சேர்ந்து வந்தது. அம்மா அக்காவுக்குப் போன் செய்ய, அவர் நல்லெண்ணெய் பாட்டிலோடு ஓடிவந்து தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது.

"துணி எங்க நைனா?"

நான் விட்டத்தைப் பார்த்தேன். வேறு எங்கேயும் பார்க்கவும் முடியவில்லை.

"இது ஊறி வர்றதுக்கு மத்தியானம் ஆயிடும். நல்ல நேரம் பத்தரையோட முடியுது. நட, நானும் வரேன். வயில நீ வுயுந்தா தூக்க ஆள் ஓணாமா?"

பெருநகர் பஸ்ஸில் பாதிக்கு மேல் காலி. நான் நின்றுகொண்டே போனேன். "சீட்டு கீதே, குந்து சார்" என்று கண்டக்டர் இரண்டு முறை கெஞ்சினார்.

பெண் வீட்டில் புதுப்பாய் விரித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா நெல் பயிரிடுகிறவர், வாட்டசாட்டமான ஆள். "குந்துங்க தம்பி" என்றார்.

"பெரியவங்க எதுருல அவன் குந்த மாட்டான்ங்க. அவ்ளோ மரியாத" என்றார் அம்மா.

அவர் நெகிழ்ந்துபோனார். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலி வந்தது. அதிலும் நான் உட்காரவில்லை என்றதும் அவர் நெகிழ்ச்சி குறையத் தொடங்கியது. அந்த நேரத்தில் பெண் பஜ்ஜித் தட்டோடு வந்து முன்னால் நீட்டினாள். எடுக்காமல் இருந்தால் பெண் பிடிக்கவில்லை என்று ஆகிவிடும். துணிந்து குனிந்தேன்.

படார்.

சட்டைக்குள்ளிருந்து கறுப்புக் கறுப்பாகச் சில்லுகள் புதுப்பாயில் கொட்டின. நான் "ஐயோ" என்று அலறியது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"இன்னாது இது? உடம்புல இன்னா வியாதி?" பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். "மறைச்சி கல்யாணம் பண்ணலாம்னு வந்தீங்களா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். நான் செய்த முட்டாள்தனத்தை நானே எப்படிச் சொல்வது? அப்போது உளுந்தக்கா எழுந்து நடுவில் நின்றார்.

"வியாதி இல்லீங்க, உளுந்து. தம்பிக்கு இடுப்பு புடிச்சிக்கினு இருந்துச்சி. நான்தான் பத்து போட்டேன். துணி வைக்க மறந்துட்டேன். இத்தினி வருசமா போடறேன், இந்த மாரி தப்பு ஆனதில்ல. என்ன திட்டுங்க, புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க."

பெண்தான் முதலில் வாய் திறந்தாள்.

"ரொம்ப வலிக்குதா?"

அந்த ஒரு கேள்வியில் என் கல்யாணம் முடிந்துவிட்டது. தேதி குறித்ததெல்லாம் பிறகு நடந்த சடங்கு.

திரும்பும்போது பஸ்ஸில் நின்றபடியே கேட்டேன். "ஏங்க்கா அப்டி சொன்னீங்க?"

"நம்மள்ல யாரோ ஒருத்தரு மக்காத்தான் இருக்கணும். மாப்ள மக்குன்னு தெரிஞ்சா பொண்ணு குடுப்பாங்களா?"

ஆனால் பெருநகர் பஸ்ஸில் ஏறிய கதை உத்திரமேரூரில் இறங்காமல் இருக்குமா? மாதக்கணக்கில் வடை வாங்க வந்தவர்களெல்லாம், "இன்னாக்கா, துணி வச்சியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பற்றுக்கு மாவு கேட்டு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்துபோனார்கள். அக்கா பதில் பேசாமல் வடை தட்டிக்கொண்டிருந்தார். நான் அங்கேயே நின்று, அதே வடையைத் தின்றுகொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தேன். ஏழு வருடம் அப்படி இருந்தேன். கோழை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதனால்தான் இதை எழுதினேன். துணி வைக்காத மடையன் நான்தான், அக்கா இல்லை. அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் கடைக்குப் போய் முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் அடுப்பைக் குறைத்துவிட்டு என் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"இத்த ஏன் நைனா எழுதுன? உன் பொண்டாட்டி படிச்சா உன்ன இன்னா நெனைக்கும்?"